அரசுப் பணியில் நம் பங்கு எங்கே கசிகிறது? ஐந்து நாடுகளின் அனுபவங்கள்

2025 ஆகஸ்ட் மாதம் 1ஆம் தேதி முதல் 13 நாள்கள், சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் முன்பு தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்திருந்தனர். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது. பல ஆண்டுகளாக உழைத்துவரும் தங்களைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களிலும் பெண்களே மிகுதி. 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது.

அப்போராட்டம் ஒரு மாநகராட்சியின் ஒப்பந்தப் புள்ளி பற்றியது மட்டுமன்று. அரசு தன் கடமையை வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது, அரசமைப்புச் சட்டம் நமக்கு வழங்கிய பிரதிநிதித்துவ உரிமையும் அந்தக் கடமையோடு சேர்ந்து செல்கிறதா, அல்லது அலுவலக வாசலிலேயே நின்றுவிடுகிறதா என்ற கேள்வியை அது எழுப்பியது. இக்கேள்வி இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. வரலாற்றில் ஒடுக்கப்பட்ட மக்களை அரசு நிர்வாகத்திற்குள் கொண்டுவர முயன்ற நாடுகள் அனைத்தும் ஏதோ ஒரு வடிவில் இதை எதிர்கொண்டுள்ளன. இந்தியா, நேபாளம், பிரேசில், தென்னாப்பிரிக்கா, வட அயர்லாந்து ஆகியவற்றின் சட்டங்களை அருகருகே வைத்து, ஏட்டில் உள்ள பங்கு எந்தெந்த இடங்களில் கசிந்து வெளியேறுகிறது என்பதை இக்கட்டுரையில் தொகுக்கிறோம். களப்பணியில் உள்ள தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் கையேடாகப் பயன்பட வேண்டும் என்பதே நம் நோக்கம்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் பட்டியல் சாதியினருக்கு அரசுப் பணியில் தனிப் பங்கு என்பது குடியரசுக்கு முன்பே தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல் 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 1946இல் அது 12.5 ஆக உயர்ந்தது. இன்று ஒன்றிய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு உள்ளது. 2019ஆம் ஆண்டின் 103ஆவது திருத்தத்திற்குப் பின் பொருளாதாரத்தில் நலிவுற்ற முன்னேறிய பிரிவினருக்கு 10 விழுக்காடு சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் மொத்த ஒதுக்கீடு 69 விழுக்காடு. அதில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. இவற்றின் அடித்தளம் அரசமைப்புச் சட்டத்தின் 16(4)ஆம் பிரிவு. அரசுப் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் பெறாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கீடு செய்ய அப்பிரிவு அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

நேபாளம் 2007இல் தன் குடிமைப் பணிச் சட்டத்தைத் திருத்தியது. நேரடிப் போட்டித் தேர்வு மூலம் நிரப்பப்படும் பணியிடங்களில் 45 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு உரியது. அந்த 45ஐ நூறாகக் கொண்டு பெண்களுக்கு 33, ஆதிவாசி ஜனஜாதியினருக்கு 27, மாதேசிகளுக்கு 22, தலித்துகளுக்கு 9, மாற்றுத்திறனாளிகளுக்கு 5, பின்தங்கிய பகுதியினருக்கு 4 எனப் பிரிக்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் 40ஆம் பிரிவில் தலித்துகளின் உரிமைகளைத் தனியே வகுத்து, அரசின் அனைத்து அமைப்புகளிலும் விகிதாசார உள்ளடக்கத்தின் அடிப்படையில் பங்கேற்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. இந்தியாவில் ஒதுக்கீடு என்பது அரசு விரும்பினால் பயன்படுத்தக்கூடிய அதிகாரம் மட்டுமே என நீதிமன்றங்கள் கூறிவருகின்றன. 2020இல் உத்தராகண்ட் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அந்த வகையில் நேபாளத்தின் ஏடு நம் ஏட்டை விட வலிமையானது.

பிரேசில் 2014இல் 12.990 எண்ணுள்ள சட்டத்தின் மூலம் கூட்டாட்சி அரசுப் பணித் தேர்வுகளில் 20 விழுக்காட்டைக் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது. 2017இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதிசெய்தது. பத்தாண்டுகளுக்கென இயற்றப்பட்ட அச்சட்டத்தின் இடத்தில் 2025 ஜூனில் புதிய சட்டம் வந்தது. அது பங்கை 30 விழுக்காடாக உயர்த்தி, பழங்குடியினரையும், தப்பிச் சென்ற அடிமைகள் உருவாக்கிய குடியிருப்புகளின் வழித்தோன்றல்களான கிலோம்போலா மக்களையும் உள்ளடக்கியது.

தென்னாப்பிரிக்காவின் வழி வேறு. 1996ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் 195ஆம் பிரிவில், பொது நிர்வாகம் தென்னாப்பிரிக்க மக்களைப் பரவலாகப் பிரதிநிதித்துவம் செய்ய வேண்டும் என்பதை நிர்வாகத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்றாக வைத்தது. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், கறுப்பின மக்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பங்கை உயர்த்த எண்ணிக்கை இலக்குகளுடன் கூடிய திட்டத்தை அதன் வரம்புக்குள் வரும் ஒவ்வொரு நிறுவனமும் வகுக்க வேண்டும் என்றது. இலக்கு உண்டு, கறாரான ஒதுக்கீடு இல்லை. ஆனால் அச்சட்டம் அரசுத் துறைகளோடு தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது.

வட அயர்லாந்தில் பிரச்சினை சாதியோ நிறமோ அன்று. கத்தோலிக்கர்கள் வேலைகளிலிருந்து, குறிப்பாக அரசுப் பணிகளிலிருந்தும் காவல்துறையிலிருந்தும் விலக்கப்பட்டிருந்தனர். 1976, 1989 ஆண்டுகளின் நியாயமான வேலைவாய்ப்புச் சட்டங்களும் 1998ஆம் ஆண்டின் ஆணையும் அதற்கான பதில்கள்.

முதல் கசிவு: எதை அலகாகக் கொள்வது?

விழுக்காடு எவ்வளவு என்பதைப் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அந்த விழுக்காட்டை எந்த எண்ணிக்கையின் மீது கணக்கிடுவது என்பது அதைவிடக் கூர்மையான கேள்வி.

15 விழுக்காடு என்றால், இனச்சுழற்சிப் பட்டியலில் பட்டியல் சாதியினருக்கு உரிய முதல் இடம் ஏழாவது பணியிடம். பழங்குடியினருக்கு உரிய முதல் இடம் பதினான்காவது. ஆறே பணியிடங்கள் கொண்ட ஒரு துறையைத் தனி அலகாகக் கொண்டால் அங்கே முதல் சுற்று நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கு இடம் வராது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தை அன்றி ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது நடந்தது இதுதான். 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. ஒதுக்கீட்டு விழுக்காட்டில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஆனால் ஆசிரியர் பணி விளம்பரங்களில் நமக்கான இடங்கள் காணாமற் போயின. மாணவர்களும் ஆசிரியர்களும் நாடெங்கும் தெருவுக்கு வந்த பிறகே 2019இல் அவசரச் சட்டமும், பின்னர் நாடாளுமன்றச் சட்டமும் வந்து, நிறுவனம் முழுவதையும் ஒரே அலகாக்கின.

அதே 2019இல் நேபாளத்தில் மக்கள் பணி ஆணையம் உள்ளாட்சிகளுக்கான 9,161 பணியிடங்களுக்கு விளம்பரம் வெளியிட்டது. கூட்டாட்சி முறைக்கு மாறிய பின் நடந்த பெரிய ஆள்தேர்வு அது. ஒவ்வோர் உள்ளாட்சியையும் தனி அலகாகக் கொண்டு கணக்கிட்டதால், ஒதுக்கீட்டுக்கு வந்த இடங்கள் 45 விழுக்காட்டை விட வெகுவாகக் குறைந்தன. தலித், ஜனஜாதி, மாதேசி அமைப்புகள் எதிர்த்தன. நாடாளுமன்றக் குழு ஒன்று அவ்விளம்பரத்தை ரத்து செய்யுமாறு கூறியது. அதிகாரப் பரவலாக்கம் நல்லதுதான். ஆனால் அலகைச் சிறிதாக்கும் ஒவ்வொரு நிர்வாகச் சீர்திருத்தமும் பிரதிநிதித்துவத்தை எண்கணிதத்தால் வெட்டக்கூடும் என்பதற்கு இது சான்று.

பிரேசிலிலும் இதே கதைதான். 2014ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு தேர்வில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் இருந்தால் மட்டுமே பொருந்தும் என்றது. பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஓரிடம், ஈரிடம் எனத் துண்டு துண்டாக அறிவித்தன. ஒதுக்கீட்டைத் தவிர்ப்பதற்காகப் பணியிடங்களைக் கூறுபோடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் 21 அமைப்புகளின் 6,640 பணியிடங்களுக்கு ஒரே தேசியத் தேர்வு நடத்தப்பட்டது. இடங்களை ஒன்றாகக் குவிப்பது ஒதுக்கீட்டுக்கு உகந்த நிர்வாக வடிவம்.

இந்தியாவில் ஒற்றைப் பணியிடத்திற்கு ஒதுக்கீடு இல்லை என்பது 1998இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு வகுத்த விதி. ஒன்றிய அரசின் இணைச் செயலாளர், இயக்குநர் போன்ற உயர் பதவிகளுக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுக்கும் முறையில், ஒவ்வொரு பதவியும் ஒற்றைப் பணியிடம் என்று காட்டப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி 45 பதவிகளுக்கு இவ்வாறு விளம்பரம் வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் மூன்றே நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. 45 பதவிகள் ஒரே விளம்பரத்தில் வரும்போது அவை எப்படி 45 ஒற்றைப் பணியிடங்கள் ஆகும் என்ற கேள்விக்கு இன்னும் சட்டபூர்வமான விடை எழுதப்படவில்லை.

இரண்டாம் கசிவு: மேல்தளம்

நுழைவாயிலில் உள்ள ஒதுக்கீடு, மாடிப்படியில் இல்லாமற் போகிறது. 1992ஆம் ஆண்டின் இந்திரா சாஹ்னி தீர்ப்பு பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்றது. 1995இல் 77ஆவது திருத்தம் 16(4அ) பிரிவைச் சேர்த்து, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அவ்வுரிமையை மீட்டது. 2006இல் எம். நாகராஜ் வழக்கின் தீர்ப்பு, பின்தங்கிய நிலை, போதிய பிரதிநிதித்துவமின்மை, நிர்வாகத் திறன் ஆகிய மூன்றுக்கும் அளவிடத்தக்க தரவுகளை அரசு முன்வைக்க வேண்டும் என்றது. 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில் முதல் நிபந்தனை மட்டும் நீக்கப்பட்டது. இந்த நெடும் வழக்குப் போரின் விளைவை ஒரு கணக்கில் காணலாம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதிலின்படி, ஒன்றிய அரசில் இணைச் செயலாளர், செயலாளர் பதவிகளில் இருந்த 322 அதிகாரிகளில் பட்டியல் சாதியினர் 16 பேர். பழங்குடியினர் 13 பேர். அதாவது 15 இருக்க வேண்டிய இடத்தில் 5 விழுக்காடு. தமிழ்நாட்டிலோ, சமூகநீதியின் மண் என்று நாம் பெருமை கொள்ளும் மாநிலத்தில், பட்டியல் சாதியினருக்குப் பதவி உயர்வில் ஒதுக்கீடு நீண்டகாலமாக நடைமுறையில் இல்லை.

தென்னாப்பிரிக்கா இதைத் தலைகீழாக அணுகியது. 1995ஆம் ஆண்டின் பொதுப்பணி மாற்றத்திற்கான வெள்ளை அறிக்கை மேல்தளத்திலிருந்தே தொடங்கியது: நான்கு ஆண்டுகளுக்குள் மேலாண்மைப் பதவிகளில் குறைந்தது பாதிப்பேர் கறுப்பின மக்களாக இருக்க வேண்டும். அரசுத் துறையில் இது பெருமளவு நிறைவேறியது. இலக்கு மட்டுமே இருந்து கட்டாயம் தளர்ந்திருந்த தனியார் துறையின் நிலை வேறு. பொருளாதாரச் செயல்பாட்டில் ஈடுபடும் மக்களில் 8 விழுக்காடு அளவே உள்ள வெள்ளையர், நாட்டின் உச்ச மேலாண்மைப் பதவிகளில் இன்னும் 60 விழுக்காட்டுக்கும் மேல் வகிக்கின்றனர் என்பதை அந்நாட்டின் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. இதனால்தான் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், துறைவாரியான இலக்குகளை அமைச்சரே நிர்ணயிக்க வழிசெய்தது.

இங்கே 'திறன்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் அரசமைப்புச் சட்டத்தின் 335ஆம் பிரிவு நிர்வாகத் திறனைக் குறிப்பிடுகிறது. அச்சொல் பல தீர்ப்புகளில் நமக்கு எதிரான ஆயுதமாகப் பயன்பட்டது. 2019இல் பி.கே. பவித்ரா இரண்டாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு பொருளைத் தந்தது: சமூகத்தின் பல பிரிவினரும் பங்கேற்கும் நிர்வாகமே திறனான நிர்வாகம். தென்னாப்பிரிக்காவின் 195ஆம் பிரிவு 1996லேயே இதை எழுதிவைத்திருக்கிறது. அங்கே பிரதிநிதித்துவம் திறனுக்கு விதிவிலக்கு அன்று, நல்ல நிர்வாகத்தின் இலக்கணம். திறன் பற்றிய வாதத்தை எதிர்கொள்ளும் மாணவர்கள் இவ்விரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் கசிவு: கணக்கு இல்லாமை

தரவு கொண்டுவா என்று நீதிமன்றம் கேட்கிறது. தரவைத் திரட்டும் அதிகாரமோ அரசிடம் மட்டுமே இருக்கிறது. அரசு திரட்டாவிட்டால் இழப்பு நமக்கு. இந்த முடிச்சை வட அயர்லாந்து அவிழ்த்த விதம் கவனத்திற்குரியது.

அங்கே 10 பேருக்கு மேல் முழுநேரப் பணியாளர்களைக் கொண்ட ஒவ்வொரு தனியார் முதலாளியும், அரசமைப்புகளும், தம் பணியாளர்களின் சமூகப் பின்னணியை ஆண்டுதோறும் கணக்கெடுத்துச் சமத்துவ ஆணையத்திற்கு அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறுவது குற்றம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, தம் ஆள்தேர்வு, பயிற்சி, பதவி உயர்வு நடைமுறைகளை மறுஆய்வு செய்து, இரு சமூகத்தினருக்கும் நியாயமான பங்கு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். யார் எங்கே இல்லை என்பதை நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர் மீது விழுவதில்லை. கணக்கை வெளியிடும் கடமை முதலாளியுடையது.

காவல்துறையில் கணக்கெடுப்பு மட்டும் போதவில்லை. 1999இல் வந்த பேட்டன் ஆணையத்தின் பரிந்துரைப்படி, தகுதி பெற்றோர் பட்டியலிலிருந்து ஒரு கத்தோலிக்கர், ஒரு கத்தோலிக்கர் அல்லாதவர் எனச் சரிபாதியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 2001 முதல் 2011 வரை நடைமுறையில் இருந்தது. சுமார் 8 விழுக்காடாக இருந்த கத்தோலிக்கர் பங்கு பத்தே ஆண்டுகளில் சுமார் 30 ஆக உயர்ந்தது. அம்முறை நிறுத்தப்பட்ட பின் வளர்ச்சி ஏறத்தாழ அங்கேயே நின்றுவிட்டது. கட்டாய ஒதுக்கீடு எவ்வளவு விரைவாக ஒரு நிறுவனத்தை மாற்றும், அதை முன்கூட்டியே கைவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டுக்கும் இதுவே பாடம்.

கணக்கு, பட்டியலுக்கு உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வையும் காட்ட வேண்டும். நேபாளத்தில் மக்கள்தொகையில் சுமார் 13 விழுக்காடாக உள்ள தலித்துகளுக்கு 45இல் 9 விழுக்காடு என்றால், நூறு பணியிடங்களில் நான்குதான். அந்த நான்கிலும் தராய்ச் சமவெளியின் மாதேசி தலித்துகளை விட மலைப்பகுதித் தலித்துகளே முன்னே நிற்கின்றனர் என்பதை அங்குள்ள தலித் இயக்கங்களே பேசிவருகின்றன. தமிழ்நாடு 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியதற்கும், 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு செய்யும் அதிகாரத்தை ஏற்றதற்கும் பின்னால் இருப்பதும் இதே கேள்விதான். உள்ஒதுக்கீடு பற்றி நமக்குள் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம்; உட்சாதி வாரியான பணியாளர் கணக்கு வெளிவர வேண்டும் என்பதில் வேறுபாடு இருக்கத் தேவையில்லை.

நான்காம் கசிவு: வெளிமுகமை

மற்ற கசிவுகள் பங்கைக் குறைக்கின்றன. இது பங்கு கேட்கும் இடத்தையே நீக்குகிறது.

ஒன்றிய அரசின் குறிப்பாணைகளின்படி 45 நாள்களுக்கு மேற்பட்ட தற்காலிக நியமனங்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் வெளிமுகமை மூலம் வரும் பணியாளர் 'நியமிக்கப்படுவதில்லை'. நிறுவனம் ஒன்று 'சேவை வழங்குகிறது'. 16(4)ஆம் பிரிவு பேசுவது அரசின் கீழ் உள்ள பணிகளைப் பற்றி. ஒப்பந்ததாரரின் பணியாளர் அதற்குள் வருவதில்லை. அலுவலக உதவியாளர், ஓட்டுநர், காவலர், கணினி இயக்குபவர் எனக் கடைநிலையிலிருந்து தொடங்கி இந்த எல்லை மேலேறிக்கொண்டிருக்கிறது. நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் பெற்றோர் பலர் நுழைந்தது இந்தக் கடைநிலைப் பணிகள் வழியாகத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சட்டத்தின் வரலாறு இதில் பின்னோக்கியே சென்றுள்ளது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ், 1976 டிசம்பர் 9ஆம் தேதி ஒன்றிய அரசு கட்டடங்களைப் பெருக்குதல், துடைத்தல், காவல் காத்தல் போன்ற பணிகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்தது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில், அவ்வாறு தடைசெய்யப்பட்டால் தொழிலாளர்கள் முதன்மை முதலாளியின் பணியாளர்களாகவே ஆவர் என்றது உச்ச நீதிமன்றம். 2001இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டியது. தானாகப் பணியேற்பு கிடையாது என்றதோடு 1976ஆம் ஆண்டு அறிவிக்கையையும் செல்லாததாக்கியது. 2006இல் உமாதேவி வழக்கு, முறைப்படி நியமிக்கப்படாத தற்காலிகப் பணியாளர்களின் வரன்முறைக் கோரிக்கையைப் பெருமளவு அடைத்தது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், நிறுவனத்தின் மையச் செயல்பாட்டில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது. பின்னர், மையச் செயல்பாடு என்பதன் வரையறையிலேயே, அதற்கெனவே நிறுவப்படாத நிறுவனங்களில், பெருக்குதல், சுத்தம் செய்தல், கழிவு அகற்றுதல் உள்ளிட்ட துப்புரவுப் பணிகளை வெளியே தள்ளிவிடுகிறது. யாருடைய உழைப்பை 'மையம் அல்லாதது' என்று சட்டம் அழைக்கிறது என்பதைப் படிப்பவர்கள் உணர்வார்கள்.

இதன் விலை ஊதியத்தோடு முடிவதில்லை. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட கழிவுநீர், மலக்கசடு தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் பட்டியல் சாதியினர். கழிவுநீர்க் குழிகளில் இறப்போரின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் என 2014இல் நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் இறந்தவர் யாருடைய பணியாளர் என்ற கேள்வியில் மாநகராட்சி ஒப்பந்ததாரரையும், ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரையும் காட்டுவதே வழக்கம். ஓர் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் எண்ணிக்கையையும் சாதிவாரி விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாம் கேட்டபோது கிடைத்த பதில் ஒரே வரி: அவ்விவரம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.

பிற நாடுகள் என்ன செய்தன? வட அயர்லாந்தில் சமத்துவச் சட்டத்தை மீறும் நிறுவனத்தைத் தகுதியற்றதாக அறிவித்து, அரசு ஒப்பந்தங்களிலிருந்து விலக்கி வைக்கச் சட்டம் இடமளிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, அரசோடு வணிகம் செய்ய விரும்பும் நிறுவனம் அச்சட்டத்தைக் கடைப்பிடித்ததற்கான சான்றிதழ் பெற வேண்டும் என்கிறது. அந்நாட்டின் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் 2014இல் செய்யப்பட்ட திருத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: ஆள் வழங்கும் முகமை மூலம் அனுப்பப்பட்டு, மூன்று மாதங்களுக்கு மேல் ஓரிடத்தில் உழைக்கும் குறைந்த ஊதியத் தொழிலாளர், அந்த இடத்தின் பணியாளராகவே கருதப்படுவார். 2018இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

நீதிமன்றத்திற்கு வெளியே நடந்ததும் உண்டு. 2015இல் தென்னாப்பிரிக்க மாணவர்கள் கல்விக் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோது, வளாகத்தைச் சுத்தம் செய்யும் வெளிமுகமைத் தொழிலாளர்களை நேரடிப் பணியாளர்களாக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையாக்கினர். கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகங்கள் அதற்கு இணங்கின. நம் கல்லூரி வளாகங்களில் கழிப்பறை சுத்தம் செய்பவர் யாருடைய பணியாளர் என்பதை அங்கு படிக்கும் மாணவர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இந்தியாவிலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. பீகார் அமைச்சரவை 2017இல் வெளிமுகமைப் பணிகளிலும் ஒதுக்கீட்டைக் கடைப்பிடிக்க முடிவெடுத்தது. கர்நாடக அரசு 2024இல் இதற்கான சுற்றறிக்கை வெளியிட்டது. முடியாதது என்ற வாதம் இனி நிற்காது.

ஆனால் அரசாணைகளை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு அமெரிக்கா எச்சரிக்கை. கூட்டாட்சி அரசின் ஒப்பந்ததாரர்கள் பாகுபாடு காட்டாமல், கறுப்பின மக்களுக்கு வாய்ப்பை விரிவாக்கும் நடவடிக்கைகளை மேற்கொள்ள வேண்டும் என்று 1965இல் அதிபர் ஜான்சன் 11246 எண்ணுள்ள நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். அறுபது ஆண்டுகள் நின்ற அந்த ஆணையை 2025 ஜனவரி 21ஆம் தேதி அதிபர் டிரம்ப் ஒரே கையெழுத்தில் ரத்து செய்தார். இந்தியாவில் ஒன்றிய அரசுப் பணி ஒதுக்கீடும் பெரும்பாலும் குறிப்பாணைகளின் மீதே நிற்கிறது. 2008இல் மாநிலங்களவை நிறைவேற்றிய பணி ஒதுக்கீட்டு மசோதா சட்டமாகவே இல்லை. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு நிலைத்திருப்பதற்குக் காரணம் அது 1993ஆம் ஆண்டின் சட்டமாக இயற்றப்பட்டு, 76ஆவது திருத்தத்தின் மூலம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டதே.

பணி நிரந்தரம் பற்றிய நம் விவாதம்

சென்னைப் போராட்டத்தின்போது நம் இயக்கங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. தூய்மைப் பணியில் நிரந்தரம் கேட்பது, அம்மக்களை அத்தொழிலிலேயே நிரந்தரமாகக் கட்டிவைப்பதாகாதா? அண்ணல் சாதித் தொழிலை விட்டு வெளியேறச் சொன்னவர் அல்லவா?

கேள்வி நியாயமானது. ஆனால் வெளியேறும் வழி எது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நிரந்தர ஊதியமும் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் உள்ள ஒரு தூய்மைப் பணியாளரின் மகள் கல்லூரிக்குச் செல்கிறாள்; தினக்கூலி ஒப்பந்தத் தொழிலாளியின் மகள் தாய் நோயுற்ற நாளில் துடைப்பத்தை எடுக்கிறாள். தனியார்மயம் சாதித் தொழிலை ஒழிப்பதில்லை. அதே சாதியினரை, அதே தொழிலில், பாதுகாப்பின்றி வைத்திருக்கிறது. ஆகவே இரு கோரிக்கைகளும் சேர்ந்தே எழ வேண்டும்: இன்று பணியில் உள்ளோருக்கு நிரந்தரமும் இயந்திரமயமும், அடுத்த தலைமுறைக்குப் பிற அரசுப் பணிகளில் முழுப் பங்கு. தூய்மைப் பணியில் நம் 'பிரதிநிதித்துவம்' ஒருபோதும் குறைந்ததில்லை. குறைந்திருப்பது மற்ற எல்லா இடங்களிலும்.

என்ன கேட்க வேண்டும்?

சட்டமன்றத்திடமும் நாடாளுமன்றத்திடமும் கேட்க வேண்டியவை: வெளிமுகமைப் பணிகளையும் உள்ளடக்கிய ஒதுக்கீட்டுச் சட்டம்; ஒதுக்கீட்டைக் கடைப்பிடிக்காத நிறுவனத்தை ஒப்பந்தப் புள்ளியிலிருந்து விலக்கும் விதி; பணியிடங்களைக் கூறுபோடத் தடை; பட்டியல் சாதியினருக்குப் பதவி உயர்வில் ஒதுக்கீடு; பதவிநிலை, உட்சாதி, பாலினம் வாரியாக, ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்து, ஆண்டுதோறும் வெளியிடப்படும் கணக்கு.

அதற்காகக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ் உங்கள் நகராட்சி, கல்லூரி, மருத்துவமனை ஆகியவற்றிடம் பின்வருவனவற்றைக் கேட்டு மனு அனுப்புங்கள்.

1. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, காலியானவை, பதவிவாரியாக, வகுப்புவாரியாக.

2. ஒவ்வொரு பதவிக்குமான இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகல். பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள்.

3. கடந்த பத்தாண்டுகளில் ஒழிக்கப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட பணியிடங்கள், அதற்கான ஆணைகளின் நகல்கள்.

4. நடப்பில் உள்ள வெளிமுகமை ஒப்பந்தங்களின் நகல்கள், பணியாளர் எண்ணிக்கை, வழங்கப்படும் ஊதியம், வருங்கால வைப்பு நிதி செலுத்தப்பட்ட விவரம்.

விவரம் ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது என்று பதில் வந்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டாம். ஒரு சட்டத்தின் கீழ் அரசு அலுவலகம் தனியாரிடமிருந்து பெறக்கூடிய தகவலும் 'தகவல்' என்ற வரையறைக்குள் வரும் என்கிறது அச்சட்டத்தின் 2(எஃப்) பிரிவு. 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, மறுக்கப்பட்டாலோ, அடுத்த 30 நாள்களுக்குள் 19(1)ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். கிடைத்த விவரத்தில் பங்கு குறைந்திருந்தால், தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திடம் புகார் அளிக்கலாம். 338ஆம் பிரிவின் கீழ் விசாரணையின்போது ஆணையத்திற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு.

நாகராஜ் தீர்ப்பு கேட்ட தரவை அரசு திரட்டவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் பத்து அலுவலகங்களின் கணக்கை மாணவர்கள் திரட்டினால், அடுத்த வழக்கில் நாம் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்காது.